முப்பது நாள் விருந்தாளி

மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மலேசிய அரசு அதைவிடத் தாராளமானது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமலே 30 நாள் விருந்தாளியாக ஏற்றுக்கொள்கிறது. என்னுடைய 30 நாள் 2025 ஜூன் முதல் வாரத்தில் முடிய இருந்தது.

பினாங்கில் இருக்கும் என் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. சிசேரியன். முழங்கால் வலியோடு அம்மாவால் விமானம் ஏற முடியாது. கல்லூரிக்குக் கோடை விடுமுறை என்பதால் நான் போனேன். காலையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி அதில் போட்டுக் குளிப்பாட்டுவேன். தங்கைக்குப் பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு. துணி துவைத்து மடித்து, இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து பிள்ளையை அவள் மடியில் வைத்து, பால் குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பேன். அந்த ஒரு மாதத்தில் கடற்கரைக்கு ஒரு தடவை போனேன். என் கடவுச்சீட்டில் இருந்தது சமூக வருகைக்கான அனுமதி.

இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டு, கல்லூரி திறக்கும் நேரத்துக்கு ஊர் திரும்பலாம் என்று நினைத்தேன். முறைப்படி நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காரணம் காட்ட வேண்டும், ஆவணங்கள் வேண்டும், கிடைக்குமா என்ற நிச்சயமும் இல்லை. தங்கை கணவர் சுலபமான வழி ஒன்று சொன்னார். "ஹாட்யாய் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு வந்துருங்கக்கா. திரும்பி வரும்போது புதுசா சாப்பு அடிச்சிருவாங்க." முத்திரைக்கு அங்கே சாப்பு என்று பெயர்.

இந்த ஏற்பாட்டுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் விசா ரன். அனுமதி முடியும் நாளில் பக்கத்து நாட்டுக்குள் கால் வைத்துவிட்டு, புதிதாக வந்தவரைப் போலத் திரும்பி நுழைவது. தாய்லாந்தில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் பலர் இதே காரணத்துக்காக எதிர்த்திசையில் பினாங்குக்கு வருவார்கள். அங்கே தாய்லாந்துத் துணைத்தூதரகம் இருக்கிறது. அவர்களுக்காகவே ஓடிய வேன்கள் உண்டு, தங்கும் விடுதிகள் உண்டு. 2014க்குப் பிறகு தாய்லாந்து கெடுபிடி செய்யத் தொடங்கியது. விசா இல்லாமல் தரைவழியாக நுழைவதற்கு ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு தடவைதான் என்ற வரம்பை 2016 கடைசியில் கொண்டுவந்தது. மேற்கத்தியர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் விசா ரன் ஒரு வேடிக்கையான சிறு தொந்தரவு. நானும் அந்த மனநிலையில்தான் வேனில் ஏறினேன்.

ஏறும் முன்பே ஒரு கேள்வி இருந்தது. ஒரு ராத்திரி வெளியே படுத்து எழுந்தால் நான் எப்படிப் புது ஆளாகிறேன்? முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் நான் சொல்லித்தரும் செய்தி ஒன்று உண்டு. விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் புதுவகை நூல் யாப்பதையே விருந்து என்கிறது. புதிதாக வந்தவர் என்பதால்தான் வீட்டுக்கு வருகிறவரும் விருந்து ஆனார். குடிநுழைவுச் சட்டம் இந்தப் பழைய பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வந்தவர் பழகிவிடக் கூடாது. பழகினால் அவர் விருந்தாளி இல்லை, வேறு யாரோ. அந்த வேறு யாரோவுக்கு வேறு தாள்கள் வேண்டும்.

வேனில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்தார். புதுக்கோட்டைப் பக்கம். வயது 28. ஊரில் ஆறு வயதில் ஒரு மகன், அவருடைய அம்மாவிடம். என் பேச்சைக் கேட்டதும் திருச்சிப் பக்கமா என்று கேட்டார். பிறகு நாலு மணி நேரமும் பேசிக்கொண்டே போனோம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் இடையே பல சாவடிகள் உண்டு. நாங்கள் கடந்தது எது என்றும் எழுதவில்லை. பெயரை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை, நான் கேட்டிருக்கவே இல்லை.

ஒரு வீட்டில் வேலை. சமையல், துணி, கூடவே படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டி. "கொழந்தை மாதிரிதான்க்கா. தூக்கி உக்கார வச்சு, தொடச்சு, ஊட்டி விடணும். ராத்திரியில ரெண்டு தடவை கூப்பிடும்." பெர்மிட் போட்டுத் தருவதாகச் சொல்லித்தான் ஏஜெண்ட் அனுப்பியிருக்கிறார். வந்தபின் முதல் இரண்டு மாதச் சம்பளம் ஏஜெண்டுக்கே போயிற்று. பெர்மிட் வரும்வரை மாதம் ஒரு தடவை இப்படிப் போய்விட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரலில் விமானத்தில் வந்தது முதல் சாப்பு. மே மாதம் தாய்லாந்து போய்த் திரும்பியது இரண்டாவது. இது மூன்றாவது. "அடுத்த மாசம் என்ன பண்றதுன்னு தெரியலக்கா. தாய்லாந்துக்காரன் வருசத்துக்கு ரெண்டு தடவைதான் விடுவானாம்ல."

கேட்டுக்கொண்டே வந்த நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் இரவில் எழும் தடவைகளும் நான் எழும் தடவைகளும் ஒன்று. அவர் துடைப்பது வயதான உடம்பை, நான் குளிப்பாட்டுவது பிறந்த உடம்பை. இரண்டு பேரும் சமைக்கிறோம். இரண்டு பேருடைய கடவுச்சீட்டிலும் ஒரே வகை முத்திரை. பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் மலேசியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

ஹாட்யாயில் அவர் வேறு அறை, நான் வேறு அறை. மாலையில் கிம் யோங் சந்தையில் இருவரும் நடந்தோம். மகனுக்கு ஒரு பொம்மைக் கார் வாங்கினார். மறுநாள் வேனில் திரும்பும்போது, எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், "கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்கக்கா, நீங்க படிச்சவங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஆட்டுவதற்கு நமக்குப் பழக்கம் இருக்கிறது.

வரிசையில் அவர் எனக்கு முன்னால். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தமிழ் பேசும் ஓர் அதிகாரி, பெண். பக்கங்களைப் புரட்டினார். என்னவோ கேட்டார். அந்தப் பெண் திரும்பி என்னைக் காட்டினார். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. வேன்ல பாத்ததுதான்."

"பேர் என்ன?"

"தெரியாது."

அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். அடுத்து என் முறை. எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள வந்தேன் என்றேன். "பையனா, பொண்ணா?" என்று சிரித்தார். பெண் என்றேன். 30 நாள் சாப்பு விழுந்தது.

வேன் அரை மணி நேரம் காத்திருந்தது. மற்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஓட்டுநர் இறங்கி விசாரித்துவிட்டு வந்தார், அந்தப் பெண்ணின் பையைக் காவலாளியிடம் கொடுத்தார், வண்டியை எடுத்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை கேட்டாள், "சாப்பு கெடச்சுதா?" கிடைத்தது என்றேன்.

நான் சொன்னது உண்மை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பிறகு ஏன் அது ஓராண்டாக என்னை உறுத்துகிறது என்பதை யோசிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நமக்கு உதவக்கூடியவர், தன் வாழ்நாளில் கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தை விட்டு அதிகம் நகராத இம்மானுவேல் காண்ட். 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய நூலில் அவர் இரண்டு உரிமைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, வந்து பார்க்கும் உரிமை. மற்றொன்று, விருந்தாளியாகத் தங்கும் உரிமை. முதலாவது எல்லா மனிதருக்கும் உண்டு. பூமி உருண்டையானது, அதன் பரப்புக்கு எல்லை உண்டு, ஒருவரையொருவர் விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, ஆகவே வருகிறவரைப் பகைவராக நடத்தக் கூடாது. இரண்டாவது, தனி உடன்பாட்டின் பேரில் மட்டுமே கிடைப்பது. இந்தப் பிரிவினையைச் செய்தபோது காண்ட் மனதில் இருந்தவர்கள் ஏழை அயலார் இல்லை. பார்க்க வந்த நாடுகளைப் பிடித்துக்கொண்ட ஐரோப்பிய வணிக அரசுகளையே அவர் கண்டித்தார். அவர் அதை எழுதுவதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன்புதான், 1786இல், பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கி அதைப் பிரிட்டிஷ் கொடியின் கீழ் கொண்டுவந்திருந்தார். அந்த வருகைக்கு நாள் கணக்கு இருக்கவில்லை.

பிறகு மலாயாவின் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். பெண்களும் போனார்கள், ஆண்களைவிடக் குறைந்த கூலிக்குப் பால்மரம் வெட்டினார்கள். உழைப்பாளி என்று எழுதி ஏற்றிப்போன அதே கரைக்கு, இன்று அந்தப் பெண்ணின் ஊர்க்காரி ஒருத்தி உழைக்கப் போக வேண்டுமென்றால் விருந்தாளி என்று எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏன் அப்படி எழுதிக்கொள்கிறார்? ஏமாந்தவர், ஏஜெண்ட் சொன்னதை நம்பியவர் என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் நம் நாட்டு விதியையும் பார்க்க வேண்டும். குடியேற்றச் சரிபார்ப்பு தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் அங்கே வேலைக்குப் போக அரசின் ஒப்புதல் வேண்டும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். இது பெண்களின் பாதுகாப்புக்காகச் செய்த விதி. 28 வயதில் ஒரு மகனை வளர்க்க வேண்டியவளுக்கு இந்தப் பாதுகாப்பு செய்த காரியம், முன்வாசலைச் சாத்தியதுதான். சுற்றுலா போகிறேன் என்று சொன்னால் அந்த ஒப்புதல் தேவையில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போனவருக்கு ஒப்பந்தம் கிடையாது, சம்பளத்துக்குச் சாட்சி கிடையாது, முறையிடப் போனால் முதல் குற்றவாளி அவரேதான். அனுமதி முடிந்தபின் தங்கியிருந்தால் மலேசியச் சட்டத்தில் பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ காத்திருக்கின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலையாட்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை 2011இல் நிறைவேற்றியது. இந்தியாவும் அதை ஏற்கவில்லை, மலேசியாவும் ஏற்கவில்லை.

இனி என் பக்கம். அதிகாரியிடம் நான் செய்துகொண்டிருந்த வேலையை ஒளிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், அவர் சிரித்தார். கூலி இல்லாததால் அது வேலை இல்லை. அக்கா தங்கைக்குச் செய்வது பாசம். ஆனால் அங்கிருந்து தெற்கே, ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் இதே வேலைக்கு ஒரு தனி அனுமதி வைத்திருக்கிறது. பிரசவித்த தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள மலேசியாவிலிருந்து ஒரு பெண்ணை வரவழைக்கலாம், பிள்ளை பிறந்த நாளிலிருந்து 16 வாரம் வரை. என் ஒரு மாதத்துக்கு அங்கே வேலை என்று பெயர், விண்ணப்பம் உண்டு, சம்பளம் உண்டு. ஆக, அது வேலைதான் என்பது அரசுகளுக்குத் தெரியாத செய்தி இல்லை. எப்போது தெரிந்துகொள்வது என்பதை அவை தேர்ந்தெடுக்கின்றன. வீட்டுப் பெண் இலவசமாகச் செய்தால் அன்பு, அயல் பெண் தாளோடு செய்தால் தொழில், தாளில்லாமல் செய்தால் குற்றம். பாத்திரத்துக்கும் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது.

என் தங்கையையும் இதில் சேர்க்க வேண்டும். அவள் எம்.சி.ஏ. படித்தவள். கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்து அங்கே இருக்கிறாள், அவளுடைய அனுமதிச்சீட்டின் பெயரே சார்ந்திருப்பவர் என்பதுதான். தனி அனுமதி பெறாமல் அவள் வேலைக்குப் போக முடியாது. சிலப்பதிகாரத்தில், கோவலன் பிரிந்திருந்த காலத்தை நினைத்துக் கண்ணகி சொல்லும் இழப்புகளில் ஒன்று, விருந்தினரை எதிர்கொள்ள முடியாமல் போனது. கணவன் உடன் இல்லாத பெண்ணுக்கு விருந்தோம்பும் தகுதியும் இல்லை. நம் மரபு விருந்தோம்பலை இல்லறத்தில் வைத்துப் போற்றியது, அதன் சமையலையும் பரிமாறலையும் பெண்ணிடம் கொடுத்தது, கூப்பிடும் உரிமையை அவளிடம் கொடுக்கவில்லை. அன்று மூன்று பெண்கள் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்தோம். ஒருத்தி சார்ந்திருப்பவர், இரண்டு பேர் விருந்தாளிகள். விருந்தாளிகள் இருவரும் அடுப்படியில் நின்றார்கள்.

இவ்வளவையும் புரிந்துகொண்ட பிறகு, நான் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாமா? வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே, நல்லதைத் தரும் பொய்க்கு இடம் கொடுக்கிறார். ஆனால் அந்த நல்லது எது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சொந்தக்காரி என்று சொல்லி, அது நம்பப்பட்டிருந்தால், அவர் அதே ஏஜெண்டின் கைக்கு, அடுத்த மாதம் எங்கே போவது என்று தெரியாத அதே நிலைமைக்குத் திரும்பியிருப்பார். நம்பப்படாமல் போயிருந்தால் இரண்டு பேரும் அந்த அறைக்குள் போயிருப்போம். இன்னொன்றும் இருக்கிறது. ஆள்கடத்தலைத் தடுக்கும் சட்டம் மலேசியாவில் 2007 முதல் இருக்கிறது. ஒரு கவனமான அதிகாரி அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுப் பேசியது அவருக்கு ஒரு வழி திறப்பதற்காகவும் இருந்திருக்கலாம். அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அவரை வில்லியாக்கி என்னைத் தப்பவைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

காண்ட் 1797இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் பிரபலமான ஒரு கதவு இருக்கிறது. நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் வாசலில் நின்று, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்கிறார் காண்ட். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று சாவடியில் இருந்தவர் கொலைகாரர் இல்லை, அதனால் உதாரணம் அப்படியே பொருந்தாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆமாம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்தக் கேள்வி அமைக்கப்பட்டிருக்கிறது. பொய்யா உண்மையா என்று மட்டும் விவாதிக்கிறோம். சொல்லிவிட்டு அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று கேட்பதில்லை.

நான் சொன்ன உண்மையில் குறை இல்லை. அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கியதில்தான் குறை. தெரியாது என்பதற்குப் பிறகு இன்னொரு வாக்கியம் சொல்ல இடம் இருந்தது. "தெரியாதுங்க, ஆனா நான் கூட இருக்கேன். அவங்களுக்கு என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்." இதைச் சொல்ல எந்தப் பொய்யும் தேவையில்லை. என் கையில் முத்திரை விழுந்த கடவுச்சீட்டு இருந்தது, ஆங்கிலம் இருந்தது, பேராசிரியர் என்ற அடையாள அட்டை இருந்தது. இந்தியத் தூதரகத்துக்குப் போன் போடத் தெரியும். அந்த வேன் போயிருந்தால் அடுத்த வேன் வந்திருக்கும். அவரோடு சேர்த்து என்னையும் பார்த்துவிடுவார்களோ, நானும் இதே தந்திரத்தைத்தானே செய்கிறேன், என் 30 நாள் போய்விடுமோ என்ற பயம் என்னை வாயை மூடிக்கொள்ளச் சொன்னது. அவருடைய முத்திரையும் என் முத்திரையும் ஒன்று என்று வேனில் கணக்குப் போட்ட அதே நான்தான், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றதும் இரண்டையும் வேறு வேறாக்கினேன். நான் நிஜ விருந்தாளி, அவர் போலி. அரசு போட்ட கோட்டை என் வாயால் ஒரு தடவை இழுத்துக் காட்டினேன்.

பெண்ணியம் பேசுகிற நாம் தோழமை என்ற சொல்லை மேடையில் நிறையப் பயன்படுத்துகிறோம். ஒரே வேலையைச் செய்கிறவர்கள் என்று அறிந்துகொள்வது அதற்குப் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது என்று அன்று தெரிந்தது. நாலு மணி நேரம் ஒருவரின் கதையைக் கேட்டேன், இந்தக் கட்டுரைக்கு வேண்டிய எல்லாவற்றையும் கேட்டேன், பெயரைக் கேட்கவில்லை.

தமிழில் உறவைக் கேட்பதற்கு விசித்திரமான ஒரு வழி இருக்கிறது. அவங்க உங்களுக்கு என்ன வேணும் என்கிறோம். அண்ணி வேணும், சித்தி வேணும் என்று பதில் சொல்கிறோம். அந்த அதிகாரி கேட்டதும் அதுதான், அதற்குப் பதில் எனக்கு இன்றும் தெரியாது. அதே சொற்களை அந்தப் பெண்ணிடம் திருப்பி, உனக்கு என்ன வேணும் என்று நான் கேட்டிருக்கலாம். ஒருவேளை, காத்திருங்கக்கா என்று சொல்லியிருப்பார். ஒருவேளை, ஊருக்கு ஒரு போன் போடுங்க என்று அம்மாவின் எண்ணைக் கொடுத்திருப்பார். இரண்டுமே என்னால் செய்ய முடிந்தவைதான்.

தங்கை மகளுக்கு இப்போது ஒரு வயது. இந்த விடுமுறைக்கும் வரச் சொல்கிறார்கள். போவேன். எல்லையைத் தாண்டி நாளை நீட்டிக்க மாட்டேன் என்று சபதம் எதுவும் எடுக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திரும்பவும் வேனில் ஏறுவேன் என்று எனக்குத் தெரியும். ஏறினால், பக்கத்தில் உட்காருகிறவரிடம் முதலில் பெயரைக் கேட்பேன்.